தலைமையாசிரியர் கொடுத்த பிறந்த நாள்

இவர் போன மறுநாள் காலை என் பிள்ளைகள் மூன்று பேரும் இவருடைய வயதுக்காகச் சண்டை போட்டுக்கொண்டார்கள். பத்திரிகையில் மரண அறிவிப்பு கொடுக்க வேண்டும், படத்துக்குக் கீழே வயது போட வேண்டும். பெரிய மகன் அப்பாவின் அடையாள அட்டையை, ஐசியை, கையில் வைத்துக்கொண்டு, "தொண்ணூறு. இதுல கிளியரா போட்டிருக்கு" என்றான். மூத்தவள் விடவில்லை. "தொண்ணூத்திரண்டு. அப்பாவே எங்கிட்ட சொல்லியிருக்காரு" என்றாள். சின்னவன் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தான். ஈசூனில் எங்கள் வீட்டுக் கூடம் சின்னது. துக்கம் கேட்க வந்தவர்களும் அழுகையை நிறுத்திவிட்டு என் வாயைப் பார்த்தார்கள்.

"தொண்ணூத்திரண்டுன்னு போடு" என்றேன்.

"அப்ப டெத் சர்டிபிகேட்ல?"

"அதுல தொண்ணூறுதான். அது அரசாங்கத்துக்கு."

இதைக் கேட்டுப் பேரப்பிள்ளைகள் முழித்தார்கள். ஒரு மனிதனுக்கு எப்படி இரண்டு வயது இருக்கும் என்று பதினாறாம் நாள் முடிந்த பிறகும் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். அறுபத்தைந்து வருடம் இவரோடு குடித்தனம் நடத்தியவள் நான். என்னைவிட்டால் இதைச் சொல்ல இப்போது ஆள் இல்லை.

ஊரில் அந்தக் காலத்தில் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க ஓர் அளவு வைத்திருந்தார்கள். வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொட வேண்டும். தொட்டால் ஐந்து வயது, தொடாவிட்டால் அடுத்த வருடம் வா. பிறந்த சான்றிதழ் என்பதெல்லாம் யாரிடம் இருந்தது? இவர் குள்ளம். கடைசிவரை குள்ளம்தான், அப்போது இன்னும் குள்ளம். முதல் வருடம் தொடவில்லை. இரண்டாம் வருடம் விரல் நுனி காதுக்கு மேலேயே நின்றுவிட்டது. மூன்றாம் வருடம் கழுத்தைச் சாய்த்து எப்படியோ எட்டிப் பிடித்துவிட்டார். தலைமையாசிரியர் ஐந்து வயது என்று எழுதி, பள்ளிக்கூடம் திறந்த ஜூன் மாதத்திலேயே ஒரு தேதியைப் போட்டு, பிறந்த நாளையும் அவரே கொடுத்துவிட்டார். ஜாதகத்தின்படி இவர் பிறந்தது ஐப்பசி மாதம். கணக்குப் பார்த்தால் இவருக்கு அன்று ஆறு வயது எட்டு மாதம். அந்த ஒரு வருடம் எட்டு மாதத்தைத் தலைமையாசிரியர் ஒரே வரியில் விழுங்கிவிட்டார்.

எனக்கு ஐப்பசிதான் தெரியும். ஜாதகம் பொருந்தித்தானே கல்யாணம் ஆனது. ஐம்பதுகளின் கடைசி அது. இவர் சென்னையில் டிப்ளமா முடித்துவிட்டு இந்த நாட்டுக்குக் கப்பலேறி வந்து, செம்பவாங்கில் வெள்ளைக்காரனின் கப்பல் தளத்தில் டிராஃப்ட்ஸ்மேன் வேலையில் இருந்தார். கப்பலில் பழுது பார்க்க வேண்டிய இடத்தை அளந்து வந்து படம் போடும் வேலை. பேச்சு முடிந்து கல்யாணத்துக்கு நாள் குறித்த பிறகு, இவரிடமிருந்து என் அப்பாவுக்கு ஒரு கடிதம் வந்தது. பெண்ணின் உயரம் சரியாக எத்தனை அங்குலம், தயவுசெய்து அளந்து எழுதவும் என்று. அப்பாவுக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. "மாட்டுச் சந்தையில கேக்கிற மாதிரி கேக்கிறானே!" என்று குதித்தார். அம்மாதான் என்னைச் சுவரோடு நிறுத்தி, தையல் டேப்பால் அளந்து எழுதி அனுப்பினாள். நான் குட்டை என்று தெரிந்து வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்று இரண்டு வாரம் நான் சரியாகச் சாப்பிடவில்லை.

செம்பவாங் குவார்ட்டர்ஸில் வந்து இறங்கிய பிறகுதான் விஷயம் தெரிந்தது. மற்ற வீடுகளில் பெண்கள் தரையில் குந்தியோ, உயரமான மேசையில் எம்பியோ சமைத்துக்கொண்டிருந்தார்கள். என் சமையலறையில் என் உயரத்துக்கு ஏற்ற மாதிரி ஒரு மேசையை இவரே அறுத்து, இழைத்து, மண்ணெண்ணெய் அடுப்பை அதன்மேல் வைத்திருந்தார். நான் குனியவும் வேண்டாம், எம்பவும் வேண்டாம். பக்கத்து வீட்டு அக்கா வந்து பார்த்துவிட்டு, "ஒனக்கென்ன லா, ராணி!" என்றாள். இன்றைக்கும் எனக்கு இடுப்பு வலி கிடையாது. டாக்டர் ஆச்சரியப்படுகிறார், எனக்கு ஆச்சரியம் இல்லை.

அளவு என்றால் இவருக்கு உயிர். மகளுக்குத் தலை வாரிவிடுவது இவர் வேலை. சீப்பின் முனையால் வகிடு எடுத்தால் நெற்றியிலிருந்து பிடரிவரை கோடு போட்டது போல் இருக்கும். பள்ளியில் டீச்சர் திருப்பி நிறுத்தி மற்றப் பிள்ளைகளுக்குக் காட்டினாராம். தர்ப்பூசணி வெட்டினால் மூன்று பிள்ளைகளும் துண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, சண்டை போட வழியில்லாமல் ஏமாந்து போவார்கள். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் பஸ் ஏறித் தேக்காவுக்குக் காய்கறி வாங்கப் போவோம். நீ சூன் தாண்டி, ரப்பர் தோட்டங்களைத் தாண்டி, சிராங்கூன் சாலையில் இறங்குவதற்குள் இடுப்பு ஒடிந்துவிடும். அங்கே மளிகைக்கடை பாய் தராசைத் தூக்கினாலே இவர் கண் முள்ளின் மேல் போய்விடும். "இன்ஜினியர் வந்துட்டாரு, தட்ட தொடச்சு வைங்கப்பா" என்று பாய் கேலி செய்வார். அப்போது இவர் இன்ஜினியர் இல்லை. வேலை முடிந்து மாலை வகுப்புக்குப் போய் வருடக் கணக்கில் படித்தார். சின்னவன் பிறந்த வருடம்தான் இவரை இன்ஜினியர் ஆக்கினார்கள்.

இவருடைய வேலையில் ஒரு பழக்கம் இருந்தது. தானே அளக்காத எதிலும் கையெழுத்துப் போட மாட்டார். ஒரு தடவை வேறொருவர் அளந்து வந்த படத்தில் கையெழுத்துக் கேட்டு மேலதிகாரி கத்தியும், இவர் பேசாமல் டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு கப்பலின் அடிவயிற்றுக்குள் இறங்கிவிட்டார். இரண்டு மணி நேரம் கழித்து எண்ணெயும் அழுக்குமாக ஏறி வந்து, அளவு சரிதான் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். சரியாக இருந்த அளவுக்கே இந்தப் பாடு. வீட்டுக்கு வந்த சட்டையைத் துவைத்தது நான், அதனால் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

இந்தப் பழக்கம்தான் எங்களை ஆட்டி வைத்தது. இங்கே இருந்த வருடக் கணக்கில் தகுதி வந்த கையோடு தெரிந்தவர்கள் எல்லாரும் குடியுரிமைக்கு விண்ணப்பம் போட்டார்கள். இவரும் படிவம் வாங்கி வந்தார். பிறந்த தேதி என்ற இடம் வரைக்கும் அழகாக நிரப்பினார். பேனா அங்கே நின்றது. பாஸ்போர்ட்டில் ஜூன், பள்ளிச் சான்றிதழில் ஜூன், வேலைப் பதிவில் ஜூன். "கீழ 'இதெல்லாம் உண்மை'ன்னு கையெழுத்துப் போடணும். இது உண்மை இல்லையே" என்றார். ஊருக்கு எழுதி, பிறப்பைப் பதிந்த தாள் கிடைக்குமா என்று கேட்டார். அப்படி ஒரு தாளே இல்லை என்று பதில் வர ஒரு வருடம் ஆனது. படிவம் அலமாரியில் ஏறியது. மற்றவர்கள் கையில் குடிமக்களுக்கான பிங்க் ஐசி வந்தது, எங்களுக்கு நீலம். நானும் அவசரப்படவில்லை. வேலை இருந்தது, வீடு இருந்தது, ஐசி எந்த நிறத்தில் இருந்தால் என்ன என்று இருந்துவிட்டேன்.

அறுபதுகளின் கடைசியில் வெள்ளைக்காரன் தளத்தை விட்டுப் போகப் போகிறான் என்று செய்தி வந்தது. செம்பவாங்கே கலங்கிப் போனது. வேலை யாருக்கு மிஞ்சும் என்று தெரியாது. ஒன்று மட்டும் எல்லாருக்கும் தெரிந்தது. ஆட்குறைப்பு என்று வந்தால் குடிமக்கள் அல்லாதவர்கள்தான் முதலில். வேலை போனால் குவார்ட்டர்ஸ் போகும். பிறகு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு, அவர்கள் கண்ணால் பார்க்காத ஊருக்குக் கப்பல் ஏற வேண்டியதுதான். ஊரில் எங்களுக்கு நிலமும் இல்லை, வீடும் இல்லை. மூத்தவளுக்கு அப்போது ஒன்பது வயது, ஆங்கிலப் பள்ளியில் வகுப்பில் முதலாவதாக வந்துகொண்டிருந்தாள்.

நான் அலமாரியிலிருந்து படிவத்தை எடுத்து இவர் மடியில் போட்டேன். என் வாய்க்குப் பயந்து ஜூன் தேதியைப் போட்டு அனுப்பினார். நேரில் வரச் சொல்லிக் கடிதம் வந்தது. ஆற்றோரம் இருந்த அந்த அரசாங்கக் கட்டிடத்துக்கு நானும் கூடவே போனேன். மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி நம் தமிழர், கண்ணாடி போட்டவர், மரியாதையாகப் பேசினார். எல்லாத் தாளையும் புரட்டிவிட்டு, கடைசியில் பேச்சுக்குக் கேட்பது போல் கேட்டார்.

"இதுதானே சார் உங்க டேட் ஆஃப் பர்த்?"

"இல்ல சார்" என்றார் இவர்.

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார்.

"அப்ப இது யாரோடது?"

"ஹெட்மாஸ்டர் கொடுத்தது சார்." சொன்னதோடு விட்டாரா? எழுந்து நின்று, வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து, இடது காதைப் பிடித்துக்கொண்டு, முதல் வருடம் இவ்வளவு, இரண்டாம் வருடம் இவ்வளவு என்று விளக்கினார். கழுத்துப் பட்டி கட்டிய ஓர் இன்ஜினியர் அரசாங்க அலுவலகத்தில் காதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். பக்கத்து மேசைச் சீனப் பெண் தட்டச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை. இப்போது நினைத்தால் வயிறு குலுங்குகிறது.

அதிகாரி சிரிக்காமல் கேட்டுக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார். "சார், இது தப்புன்னு நீங்க சொன்னா நான் எழுதிக்கணும். எழுதிட்டா பாஸ்போர்ட், ஐசி, உங்க வேலை ரெக்கார்டு எல்லாத்தையும் முதல்ல மாத்தணும். அதுக்கு ஊர்லேருந்து ப்ரூஃப் வேணும். எத்தன வருஷம் ஆகும்னு எனக்குத் தெரியாது. இல்ல, இதுதான்னு கையெழுத்துப் போடுங்க, இன்னிக்கே முடிஞ்சிரும்."

"யோசிச்சிட்டு வர்றேன் சார்."

"ரொம்ப யோசிக்காதீங்க" என்று அதிகாரி ஃபைலை மூடி வைத்தார். எதையும் எழுதிக்கொள்ளவில்லை. அந்த மனிதர் எங்கே இருந்தாலும் அவர் குடும்பம் நன்றாக இருக்க வேண்டும்.

பஸ்ஸில் நான் பேசியதை எல்லாம் இங்கே எழுத முடியாது. "ஒரு கையெழுத்து! ஊரெல்லாம் போட்டிருக்கு. ஒங்களுக்கு மட்டும் என்ன வந்துச்சு?" என்று ஆரம்பித்தவள் செம்பவாங் வரை நிறுத்தவில்லை. இவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தார். இறங்கும்போது, "பொய்னு தெரிஞ்ச அளவுல கையெழுத்துப் போட்டா, நான் இதுவரைக்கும் போட்ட கையெழுத்துக்கெல்லாம் என்ன மரியாதை?" என்று மட்டும் கேட்டார். எனக்கு அது திமிராகப் பட்டது. மூன்று நாள் நான் இவரோடு பேசவில்லை. தட்டு வைத்தேன், சோறு போட்டேன், அவ்வளவுதான்.

அதற்குள் குவார்ட்டர்ஸில் ஒவ்வொரு வீடாகக் கிளம்ப ஆரம்பித்துவிட்டார்கள். கப்பலுக்கு இரும்புப் பெட்டி கட்டுவார்கள். பெட்டிமேல் பேரும் ஊரும் பெயிண்டில் எழுத வேண்டும், இல்லாவிட்டால் துறைமுகத்தில் கலந்துவிடும். தளத்தில் இவரைப் போல் எழுத்து எழுத ஆள் கிடையாது. அதனால் எல்லாரும் இவரிடம்தான் வந்தார்கள். சாயங்காலம் வேலைவிட்டு வந்ததும் இவர் கால்சட்டையோடு தரையில் உட்கார்ந்து, பென்சிலால் இரண்டு கோடு இழுத்து, அதற்கு நடுவே வெள்ளை பெயிண்டில் எழுத்துகளை நிறுத்துவார். மகள் பெயிண்ட் டப்பாவைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் குந்தியிருப்பாள். எத்தனை பெட்டி எழுதினார் என்று எனக்குத் தெரியாது. ஒவ்வொரு பெட்டியும் எங்களுக்குத் தெரிந்த ஒரு வீடு.

கடைசியில் பக்கத்து வீட்டு அக்காவின் பெட்டியும் வந்தது. என் மூன்று பிரசவத்துக்கும் பத்தியச் சோறு ஆக்கிப் போட்டவள் அவள். வாசல்படியில் உட்கார்ந்து இவர் எழுதுவதைப் பார்த்துக்கொண்டே, "விடு, அடுத்த கப்பல்ல நீங்களும் வந்துருவீங்க. ஊர்ல பாத்துக்கலாம்" என்று என்னைத் தேற்றினாள். நல்ல மனதோடுதான் சொன்னாள். எனக்குத்தான் அது தேறுதலாகப் படவில்லை.

அப்போது மகள் பெயிண்ட் டப்பாவைக் கீழே வைக்காமலே கேட்டாள். "அப்பா, நம்ம பெட்டிக்கு எப்பப்பா எழுதுவீங்க?"

அழவில்லை, பயப்படவில்லை. நாளைக்கு என்ன பாடம் என்று கேட்பது போலத்தான் கேட்டாள். இவர் கையில் இருந்த தூரிகை அப்படியே நின்றது. ஓர் எழுத்தின் கால் கோட்டைத் தாண்டிக் கீழே வழிந்தது. இவர் எழுத்து கோட்டைத் தாண்டி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். துணியால் துடைத்துவிட்டு, அந்த எழுத்தை மறுபடி எழுதி, பெட்டியை முடித்துக் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போனார். சாப்பிடும்போது என்னிடம், "நாளைக்கு லீவு போடறேன். டவுனுக்குப் போகணும், நீயும் வா" என்றார்.

அதே மேசை, அதே அதிகாரி. ஃபைலை எடுத்துப் பிரித்து, அதே இடத்தில் விரலை வைத்தார்.

"இதுதானே சார் உங்க டேட் ஆஃப் பர்த்?"

இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் ஏதாவது சொல்லியிருக்கலாம். வாரக் கணக்கில் போடு போடு என்று விரட்டியவள் நான்தான், ஆனால் அந்த முகத்தைப் பார்த்தபோது எனக்கு வேண்டாம் என்று சொல்லத் தோன்றியது. சொல்லவில்லை. பிள்ளைகள் மூன்று பேரும் கண்முன்னால் வந்து நின்றார்கள்.

"ஆமா சார்" என்றார் இவர். கையெழுத்துப் போட்டார்.

அதிகாரி தாளை வாங்கி ஒற்றுத்தாளால் ஒற்றிக்கொண்டே, குரலைத் தாழ்த்தி, "எங்க அப்பாவுக்கும் ஜூன்தான் சார். அந்த ஊர்ப் பக்கம் பாதிப் பேருக்கு ஜூன்தான்" என்றார். இவரைச் சிரிக்க வைக்கத்தான் சொன்னார். இவரும் மரியாதைக்குச் சிரித்தார். வெளியே வந்து ஆற்றில் சரக்குப் படகுகள் போவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். நான் அன்றைக்குத் தேக்காவில் ஆட்டிறைச்சி வாங்கிக் குழம்பு வைத்தேன். பிள்ளைகள் தீபாவளி என்று நினைத்துக்கொண்டார்கள். இவர் சாப்பிட்டார், நன்றாக இருக்கிறது என்றார். கையெழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

பிங்க் ஐசி வந்தது. ஆட்குறைப்புப் பட்டியலில் இவர் பேர் வரவில்லை. தளம் கை மாறி வணிகக் கப்பல்களைப் பழுது பார்க்கும் இடமானது, இவர் அங்கேயே தொடர்ந்தார். பிறகு நாங்கள் அடுக்குமாடி வீட்டுக்குப் போனோம். மூத்தவள் படித்து ஆசிரியை ஆனாள், மகன்களுக்கும் ஒரு குறை இல்லை. கடவுளுக்குச் சொன்ன நன்றியில் பாதியாவது நான் இவருக்குச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நாளாக ஆக, அந்த ஜூன் மாதத்தையே நான் மறந்துவிட்டேன்.

பதினேழு வருடம் கழித்து, ஓர் ஐப்பசியில், இவர் வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டே, "இன்னியோட வேல முடிஞ்சுது" என்றார். எனக்குப் புரியவில்லை. ஓய்வு பெற ஐம்பத்தைந்து ஆக வேண்டும். ஜாதகப்படி அது ஆகிவிட்டது, தாளின்படி இன்னும் ஒரு வருடம் எட்டு மாதம் இருந்தது. ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். கேட்டதும் எனக்குப் பழைய ஆத்திரம் முழுக்கத் திரும்பி வந்தது. சின்னவன் அப்போது ராணுவ சேவையில் இருந்தான், இனிமேல்தான் பல்கலைக்கழகம்.

"யாரு ஒங்கள போகச் சொன்னா? பேப்பர்ல இருக்கிற நாளக்கூட முழுசா பாக்கக் கூடாதா? சின்னவன் படிப்புக்கு யாரு பதில் சொல்றது?" என்று கத்தினேன்.

"சின்னவன் படிப்புக்கு எடுத்து வெச்சிருக்கேன்" என்றார். அடுத்ததைச் சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை, கழற்றிய செருப்பை ஜோடி சேர்த்து வைத்துக்கொண்டிருந்தார். "அன்னிக்கு அந்தத் தேதிய உங்க நாலு பேருக்காக வாங்கிக்கிட்டேன். அதுல எனக்குன்னு ஒரு நாள்கூட எடுத்துக்க மாட்டேன்."

நான் மறந்துவிட்ட ஒன்றை இந்த மனிதர் பதினேழு வருடம் தினமும் கூடவே வேலைக்குக் கொண்டுபோய்க் கொண்டுவந்திருக்கிறார். நெஞ்சு நிறைய நன்றிதான் இருந்தது. ஆனால் எங்கள் காலத்தில் புருஷனுக்கு யார் நன்றி சொன்னார்கள், அதை எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்றுகூட எனக்குத் தெரியவில்லை. "கை கழுவிட்டு வாங்க, சாப்பிடலாம்" என்றேன்.